அய்யா பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடலாமா?

அய்யா துணை

அய்யா வைகுண்டரின் அன்புக்கொடி மக்களே,

நம்மில் இருவர் வழியில் சந்தித்தால் முதலில் வாயில் வரும் சொல் "அய்யா உண்டு" என்பதுதான். பிரியும்போதும் அதையே சொல்கிறோம். துக்க வீட்டில் வேறு என்ன சொல்வது என்று தெரியாதபோதும் அதையே சொல்கிறோம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நம் முன்னோர்கள் வரியையும் ஊழியத்தையும் அடியையும் இழிவையும் தாண்டி வந்தார்கள்.

அதே சொல்லை இன்று நம்மில் சிலர் வேறொரு விதமாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். படித்து முடித்த பையன் இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறான். "மக்கா, வேலைக்கு எங்கேயாவது எழுதிப் போட்டியா?" என்று கேட்டால், "அய்யா பாத்துக்கிடுவாரு" என்கிறான். கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் வட்டி முதலைத் தாண்டிவிட்டது. "எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி, ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "அய்யா பாத்துக்கிடுவாரு" என்கிறார் வீட்டுக்காரர். தாங்கலின் கூரையில் ஓடு நழுவி, மழை நேரே பணிவிடைப் பொருட்களின் மேல் விழுகிறது. பார்த்தவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும், "அய்யாவுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இது நம்பிக்கையா? அல்லது நம்பிக்கையின் பெயரைச் சொல்லி, நாம் செய்ய வேண்டிய வேலையை அய்யாவின் தலையில் ஏற்றி வைப்பதா? இன்று இதைச் சேர்ந்து சிந்திப்போம்.

அய்யா தாமே செய்த வேலை

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833. நாம் ஆண்டுதோறும் அவதார தினம் கொண்டாடும் நாள் அது. அதற்கு முன் நடந்ததைத் திருஏடு வாசிப்பில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நோயுற்ற திருமேனியைத் தொட்டிலில் கட்டி, தாயாரும் உற்றாரும் திருச்செந்தூருக்குச் சுமந்து போனார்கள். கடைசி வரை அப்படியே சுமந்து போய்க் கடலில் இறக்கினார்களா? இல்லை. வழியில் அவர் தாமே எழுந்தார். தாமே நடந்தார். பின்னால் வந்தவர்கள் ஓடியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. தாமே கடலுக்குள் இறங்கினார். மூன்றாம் நாள் வைகுண்டப் பரம்பொருளாக வெளியே வந்தார்.

வந்தவர் என்ன செய்தார்? கடலுக்குள் தந்தை நாராயணர் விஞ்சை அருளியிருந்தார். இன்ன வேலை செய்ய வேண்டும், இன்ன விதமாய் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பூவண்டன்தோப்புக்கு வந்து ஆறு ஆண்டு தவமிருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். வெயில், மழை, பசி, ஊரார் ஏச்சு எல்லாம் பட்டு இருந்த தவம் அது.

நினைத்த மாத்திரத்தில் யுகத்தை மாற்றக் கூடிய பரம்பொருள், ஏன் ஆறு வருடம் பாடுபட வேண்டும்? செய்ய வேண்டிய வேலையைச் செய்துதான் தீர வேண்டும் என்பதை நம் கண்முன் நடத்திக் காட்டுவதற்காக என்றுதான் எளியவர்களாகிய நாம் எண்ண முடிகிறது. தமக்கு இட்ட வேலையிலிருந்து அய்யாவே விலக்குக் கேட்கவில்லை. அவர் பிள்ளைகள் நாம் மட்டும் விலக்குக் கேட்கலாமா?

தம்மிடம் வந்த மக்களையும் அய்யா சும்மா உட்கார வைக்கவில்லை. வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசுக்கு 700 குடும்பங்களை அனுப்பினார். நாளுக்கு மூன்று வேளை குளிக்க வேண்டும். உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து ஒரு வேளை மட்டும் பொங்கி உண்ண வேண்டும். அந்தத் துணியை யார் துவைத்தார்கள்? வேலைக்காரர்கள் வந்து துவைக்கவில்லை. மற்றவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துத் தேய்ந்த கைகள், முதன்முதலாகத் தங்கள் சுத்தத்துக்காக உழைத்தன. "நீங்கள் தீண்டத்தகாதவர்கள்" என்று சொன்ன ஊருக்கு அவர்கள் வாயால் பதில் சொல்லவில்லை. மூன்று வேளையும் துவைத்துக் காட்டினார்கள்.

கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பொதுக் கிணற்றுப் பக்கம் போக முடியாதவர்கள் ஆயிரம் ஆயிரம். "எங்களுக்கும் தண்ணீர் விடுங்கள்" என்று பெரிய வீட்டு வாசலில் கைகட்டி நிற்கும்படி அய்யா சொல்லவில்லை. முத்திரிக்கிணற்றை உண்டாக்கினார். பதினெண் சாதியும் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணச் செய்தார். கோவில் வாசல் அடைத்திருந்தது. அதன் முன் அழுதுகொண்டு நிற்காமல், ஊர் ஊராகத் தங்கள் கையால் ஓலை வேய்ந்து நிழல் தாங்கல்களை எழுப்பினார்கள் நம் முன்னோர்கள். யாரோ கட்டிக் கொடுப்பார்கள் என்று அவர்கள் இருந்திருந்தால், இன்று நாம் போய் நிற்கத் தாங்கல் இருந்திருக்காது.

பேய்க்குக் கொடுத்த ஆடு

அய்யா வருவதற்கு முன் நம் ஊர்களில் என்ன நடந்தது? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பேய். மாடு செத்தால் பேய். மழை பொய்த்தால் பேய். பேய்க்கு ஆடு, கோழி, பன்றி வெட்ட வேண்டும். அதற்குக் கடன் வாங்க வேண்டும். பேய்க்குப் பலி கொடுத்துக் கொடுத்துத்தான் பல குடும்பங்கள் ஓட்டாண்டி ஆயின.

பலி வேண்டாம், பேய்க்குப் பயப்பட வேண்டாம், கோழைகளாக இருக்க வேண்டாம் என்று அய்யா உபதேசித்தார். பேய்களை எரித்ததைத் திருஏட்டில் கேட்கிறோம். காணிக்கையும் வேண்டாம், கைக்கூலியும் வேண்டாம் என்றார். தெய்வத்துக்கே லஞ்சம் கொடுத்துக் காரியம் முடிக்கும் பழக்கத்தை அறுத்தார்.

இதில் ஒரு பெரிய காரியம் இருக்கிறது. பேய் இருந்த வரைக்கும் மனிதனுக்கு ஒரு வசதியும் இருந்தது. நடந்த எல்லாவற்றையும் அதன் மேல் போட்டுவிடலாம். குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தவன்கூட, "என்னை ஏதோ பிடித்து ஆட்டியது" என்று சொல்லிவிடலாம். அய்யா பேயை எரித்தபோது இந்தச் சாக்கும் சேர்ந்தே எரிந்தது.

ஆனால் நாம் என்ன செய்துவிட்டோம்? பழைய பேய் போனதும் புதுப் பேய்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம். சாதகக் கட்டம் சரியில்லை. வீட்டு வாசல் திசை சரியில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கண் பட்டது. மாமியார் வீட்டார் சரியில்லை. அதிகாரி சரியில்லை. கூட்டாளி கெடுத்துவிட்டான். இவற்றுள் சிலது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் எப்போதும் வேறொருவர்தான் காரணம் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் இன்னும் பேய்க்கு ஆடு வெட்டிக்கொண்டுதான் இருக்கிறான். வெட்டுவது ஆட்டை அல்ல; தன் நாட்களை.

ஆறாவது துண்டு

குறோணியைத் திருமால் ஆறு துண்டாக்கினார். ஒவ்வொரு யுகத்திலும் ஒவ்வொரு துண்டு அரக்கனாகப் பிறந்தது. குண்டோமசாலி, சூரபத்மன், இரணியன், இராவணன், துரியோதனன் என்று ஒவ்வொருவனும் கண்ணுக்குத் தெரியும் எதிரியாக நின்றான். அவனை அழிக்கத் திருமாலும் வந்தார். படை எடுத்தார், அம்பு விட்டார், நெஞ்சைக் கிழித்தார்.

ஆறாவது துண்டுதான் கலி. இந்தக் கலியை அழிக்க அய்யா படை எடுத்து வரவில்லை. பண்டாரமாக வந்தார். ஏன்? கலி மாயையாக வந்து மனிதர் சிந்தைக்குள் குடியேறிவிட்டது. பத்துத் தலையோடு நின்றால் அம்பு விடலாம். என் நெஞ்சுக்குள் சோம்பலாகவும், பொறாமையாகவும், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பாகவும் உட்கார்ந்திருந்தால், வெளியிலிருந்து யார் அம்பு விடுவது?

ஆகவே இந்த யுகத்துப் போர், அவரவர் தம் நெஞ்சுக்குள் நடத்த வேண்டிய போர். வழி காட்டுவது அய்யா. துணை நிற்பது அய்யா. எனக்குப் பதிலாக என் சோம்பலை வேறொருவர் விட்டுக் கொடுக்க முடியாது. என் குடியை வேறொருவர் நிறுத்த முடியாது. தர்மயுகம் வரும், நிச்சயம் வரும். ஆனால் பந்தி போடப் போகிறார்கள் என்று தெரிந்தவன் கையைக் கழுவிக்கொண்டு தயாராக இருப்பான் அல்லவா? தர்மயுகத்துக்குக் காத்திருப்பது என்றால் அப்படித்தான். கழுவாத கையோடு பந்திக்கு நேரம் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பனையேறி சொல்லும் பாடம்

நம் முன்னோர்களுள் பலருக்குத் தொழில் பனையேற்றம். இன்று மரம் ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் என்று நாம் பல திசைக்கும் போய்விட்டோம். ஆனாலும் பனையேறியின் வேலையில் நம் எல்லோருக்கும் பாடம் இருக்கிறது.

அவர் விடியுமுன் எழுந்து, தளைநாரைக் காலில் மாட்டி, "அய்யா" என்று சொல்லி மரத்தில் கை வைப்பார். சொல்லிவிட்டுக் கீழேயே நின்றால் கலயம் தானாக இறங்கி வராது. ஏற வேண்டும். பாளையைச் சீவ வேண்டும். சாயங்காலம் மறுபடியும் ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை ஊறுவது நிற்கத் தொடங்கும். "நேற்று நன்றாகச் சீவினேனே" என்று பாளையிடம் சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அதில் விழுவது அக்கானி. காய்ச்சினால் கருப்பட்டி. குழந்தைக்கும் கொடுக்கலாம், அய்யாவுக்கும் படைக்கலாம். சுண்ணாம்பு தடவ மறந்தால் அதே பாளை, அதே சொட்டு, பொழுது ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்றுதான். கொடுப்பதும் ஒன்றுதான். கருப்பட்டியா கள்ளா என்பதைத் தீர்மானிப்பது, கலயத்தில் சுண்ணாம்பு தடவிய கை.

அய்யா தரும் அருளும் அப்படித்தான். உடம்பு தந்திருக்கிறார், அறிவு தந்திருக்கிறார், நாள் தந்திருக்கிறார். தினந்தோறும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கலயத்தைத் தயார் செய்து வைப்பது நம் வேலை. முதலில் பார்த்த அந்தப் பையனுக்கு இந்த வாரம் நான்கு இடத்துக்கு எழுதிப் போடுவது சுண்ணாம்பு தடவுவது. கடன்காரருக்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உண்மையான கணக்கை எழுதுவது சுண்ணாம்பு தடவுவது. தாங்கலில் ஓடு நழுவியதைப் பார்த்தவர், "கமிட்டி கூடட்டும்" என்று காத்திராமல் ஏணி எடுத்து வருவது சுண்ணாம்பு தடவுவது. ஏணியோடு ஒருவர் வந்துவிட்டால், பிடித்துக்கொள்ள இரண்டு பேர் தானாக வருவார்கள். முதல் ஆள்தான் கிடைப்பது அருமை.

பொறுப்பு வேறு, பழி வேறு

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். "எல்லாம் உன் பொறுப்பு" என்ற சொல்லை எடுத்து, கஷ்டத்தில் இருப்பவரை அடிக்கும் கம்பாகச் சிலர் ஆக்கிவிடுகிறார்கள். நோயாளியைப் பார்த்து, "நீ சரியாக இருந்திருந்தால் வந்திருக்குமா?" என்கிறார்கள். குடிகாரக் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம், "நீ அனுசரித்துப் போக வேண்டும்" என்கிறார்கள். இது அய்யா காட்டிய வழி அல்ல.

தலைவரி கட்டி, பனையேறும் கருவிக்கும் வரி கட்டி, கூலியில்லா ஊழியம் செய்து நொந்து வந்த மக்களிடம், "இது உங்கள் தவறு" என்று அய்யா ஒரு நாளும் சொன்னதில்லை. கொடுமை செய்தவனை நீசன் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறைக்கும் போனார். பிடித்துப் போக வந்தவர்களோடு சண்டை போடத் தம் மக்கள் எழுந்தபோது, பொறுத்திருங்கள் என்று அவர்களை அடக்கிவிட்டுத் தாமே முன்னால் நடந்தார். பழி நீசனுடையது. ஆனாலும் எழுந்து நடக்கும் பொறுப்பைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டார்.

இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொள்வோம். வீட்டில் தீப்பற்றியது என் குற்றமாக இல்லாதிருக்கலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது என் வேலை. அடி வாங்கும் சகோதரியே, அந்த அடி உங்கள் பழி அல்ல. அதைச் சொல்லி உதவி கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் கேட்டால் வந்து நிற்பது எங்கள் பொறுப்பு.

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதைத்தான் அய்யா தர்மம் என்று வகுத்தார். ஆகையால் நம் வழியில் பொறுப்பு என்பது தன் வீடு, தன் வருமானம் என்பதோடு முடிந்துவிடாது. என் காலில் நான் நிற்கிறேன் என்பது பாதி. நிற்க முடியாதவருக்கு என் தோள் இருக்கிறது என்பது மீதி. அன்னதர்மப் பந்தியில் உட்கார்ந்து உண்பவர் பல பேர். பந்தி முடிந்தபின் இலை எடுக்க முதலில் குனிபவரைப் பாருங்கள். அவரை யாரும் ஏவியிருக்க மாட்டார்கள். அய்யாவின் பிள்ளை என்று அவரைக் காட்டலாம்.

கண்ணாடியும் உருமாலும்

நம் பள்ளியறையில் விக்கிரகம் இல்லை. நிலைக்கண்ணாடி இருக்கிறது, இரு பக்கமும் விளக்கு எரிகிறது. அதன் முன் போய் நிற்கும்போது என்ன தெரிகிறது? நெற்றியில் நாமத்தோடு நம் முகமே தெரிகிறது. உனக்குள் இறைவன் இருக்கிறார் என்று அதற்குப் பொருள் சொல்கிறோம். சத்தியமான பொருள். அதோடு இன்னொன்றையும் அந்தக் கண்ணாடி கேட்கிறது: "என்னிடம் எதையோ கேட்க வந்தாயே, அதைச் செய்ய வேண்டிய ஆளும் இதோ நிற்கிறானே, பார்த்தாயா?"

ஆண்கள் உருமால் கட்டித்தான் பணிவிடைக்குப் போகிறோம். ஒரு காலத்தில் நம் முன்னோர் தலையில் துணி இருந்தது சுமை தூக்குவதற்குத்தான். அது சும்மாடு. மற்றவர் சுமை ஏறுவதற்காகச் சுருட்டி வைத்த துணி. அதே துணியை அய்யா தலைப்பாகையாகக் கட்டச் சொன்னார். நீ சுமைக்காகப் பிறந்தவன் இல்லை, அரசன் என்றார். அரசன் என்றால் அதிகாரம் மட்டும் அல்ல. நாட்டில் எது கெட்டாலும், "எனக்குத் தெரியாது" என்று அரசன் சொல்ல முடியாது. உருமால் கட்டிக்கொண்டு, "என்னால் என்ன ஆகும், யாராவது வந்து செய்யட்டும்" என்று சொல்பவர், அதை மறுபடியும் சும்மாடாக்கிவிடுகிறார். பெண்களுக்கும் இது பொருந்தும். இடுப்பில் குடம் வைக்கவும் தோளில் சேலை போடவும் தடையிருந்த காலத்தில் நம் பெண்களையும் நிமிர்ந்து நடக்கச் சொன்னவர் அய்யா. நிமிர்ந்தவர் வீட்டுக் கணக்கிலும் ஊர்க் காரியத்திலும் தாமே முன்வந்து பேச வேண்டும்.

அன்புக்கொடி மக்களே, இன்று இரவு விளக்கேற்றியபின் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மூன்று கேள்வியை உங்களிடமே கேளுங்கள்.

இன்று என் கையால் ஆக வேண்டியதை நான் செய்தேனா?

செய்யாமல் விட்டதை யார் தலையில் போட்டேன்?

கேட்காமலே ஒருவருக்காவது கை கொடுத்தேனா?

பதில் நன்றாக இல்லாவிட்டால் மனம் உடைய வேண்டாம். பாளை ஒரு நாள் குறைவாக ஊறினால் பனையேறி மரத்தை வெட்டிவிடுவதில்லை. மறுநாள் இன்னும் கவனமாகச் சீவுகிறார். நாளைக்கு ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாள்பட்டுக் கிடப்பது, யாரோ செய்வார்கள் என்று விட்டது, ஒரே ஒரு வேலை. விடிந்ததும், "அய்யா" என்று சொல்லி அதில் கை வையுங்கள்.

அய்யா பார்த்துக்கொள்வார் என்பது உண்மைதான். அவர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். பிள்ளை எழுந்து நடப்பதைப் பார்க்க விரும்புகிற தகப்பன் அவர். நாம் ஒரு அடி வைத்தால், விழாமல் பிடிக்க அவர் கை இருக்கிறது. அந்தத் தைரியத்தில் அடி எடுத்து வைப்போம்.

அய்யா உண்டு.